சிஸ்டம் அட்மின் (சர்வர்களையும் நெட்வொர்க்கையும் பராமரிப்பவர்) ஆகணுமா? கல்லூரியை இப்படிப் பாருங்கள்

கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தை எடுத்து ஒரு வரி விடாமல் படியுங்கள். லினக்ஸ் இயங்குதளம், நெட்வொர்க்கிங், டேட்டாபேஸ், கிளவுட், பாதுகாப்பு எதுவும் இல்லாமல் வெறும் புரோகிராமிங் மட்டும் இருந்தால் அது வேறு வேலைக்கான படிப்பு. அப்புறம் லேபை நேரில் போய்ப் பாருங்கள். மாணவர்களே சர்வரில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவி, தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் அமைத்து, ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதி வைக்கும் ரெய்டு 1-இல் ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, மற்றதில் தரவு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க விடுகிறார்களா, இல்லை ஆசிரியர் திரையில் காட்டுவதோடு சரியா? எனக்கு இதுதான் பெரிய கேள்வி. பேக்கப் எடுக்க எல்லோரும் சொல்லித் தருவார்கள், அதை மீட்டெடுத்துப் பார்க்கவும் வைக்கும் கல்லூரி கிடைத்தால் விடாதீர்கள். கடைசி ஆண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, இன்டர்ன்ஷிப்பில் என்ன வேலை கொடுத்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.