மவுஸ் வைத்தால் விரியும் மெனு: திறப்பதைவிட மூடுவதில்தான் வேலை அதிகம்

ஒரு ஜவுளிக்கடை இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். மேல் பட்டையில் 'சேலைகள்' என்று இருக்கிறது. மவுஸை அதன்மேல் வைத்தால் காஞ்சிப் பட்டு, சுங்குடி, கண்டாங்கி, நெகமம் என்று பட்டியல் விரிகிறது. கண்டாங்கியைக் கிளிக் செய்யப் போகும் நேரத்தில் சட்டென்று மறைந்துவிடுகிறது. அனிமேஷனை எவ்வளவு அழகாகப் போட்டாலும் இந்த எரிச்சல் தீராது. மெனு எப்போது மூட வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அப்படி ஒரு மெனுவைச் செய்ய எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை தெரிந்தால் போதும். எந்தப் பண்புக்கு என்ன மதிப்பு என்று சொல்கிறேன், நீங்களே தட்டிப் பாருங்கள். காப்பி-பேஸ்ட்டில் இது மனதில் நிற்காது.

படி 1: எலும்புக்கூடு

நாவ் டேகுக்குள் ஒரு யூஎல், அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எல்ஐ. துணைப்பட்டியலின் யூஎல்லை அந்த எல்ஐக்கு உள்ளேயே வையுங்கள். அப்போதுதான் மவுஸ் துணைப்பட்டியலுக்கு இறங்கினாலும் எல்ஐயின் ஹோவர் நிலை (மவுஸ் மேலே இருக்கும் நிலை) கலையாது. 'சேலைகள்' என்பதை லிங்க்காக இல்லாமல் பட்டனாகப் போடுங்கள். ஏன் என்று படி 4-இல் தெரியும்.

படி 2: மறைப்பதும் காட்டுவதும்

பலர் முதலில் எழுதுவது டிஸ்ப்ளே நன், ஹோவரில் டிஸ்ப்ளே பிளாக். மெனு வேலை செய்யும், ஆனால் அந்த மாற்றம் ஒரே நொடிப்பில் நடந்துவிடும். வெறும் ட்ரான்ஸிஷன் போட்டால் அது இடையில் எதையும் காட்டாது. அதனால் எல்ஐக்கு பொசிஷன் ரிலேட்டிவ், துணைப்பட்டியலுக்கு பொசிஷன் அப்சல்யூட் கொடுத்துவிட்டு, ஒபாசிட்டி 0, விசிபிலிட்டி ஹிட்டன், ட்ரான்ஸ்ஃபார்மில் ட்ரான்ஸ்லேட்-ஒய் மைனஸ் 8 பிக்சல் என்று மறையுங்கள். ஹோவரில் முறையே 1, விசிபிள், 0.

விசிபிலிட்டியை விட்டுவிட்டு ஒபாசிட்டியை மட்டும் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத பட்டியல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவற்றின் கிளிக்கை வாங்கிக்கொள்ளும். ஹைட், டாப் இரண்டையும் அசைக்க வேண்டாம். அவை மாறும்போதெல்லாம் பிரவுசர் பக்கத்தின் அமைப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட்தான். ட்ரான்ஸ்ஃபார்மும் ஒபாசிட்டியும் அந்தக் கணக்கைத் தொடாமலே நகரும்.

படி 3: நேரம்

இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹோவர் விதிக்குள் எழுதும் ட்ரான்ஸிஷன் திறக்கும்போது செயல்படும். சாதாரண நிலையில் எழுதுவது மூடும்போது செயல்படும். ஆக, இரண்டுக்கும் வேறு வேறு நேரம் கொடுக்கலாம். நான் பொதுவாக வைப்பது: திறக்க 150 மில்லிசெகண்ட், அதற்கு முன் 100 தாமதம். மூட 200, அதற்கு முன் 300 தாமதம். மூன்று பண்புகளுக்கும் ஒரே மதிப்பு போதும்.

திறப்பில் உள்ள சின்னத் தாமதம், பட்டையைக் கடந்து வேறெங்கோ போகிற மவுஸுக்காக மெனு விரியாமல் தடுக்கும். மூடுவதில் உள்ள தாமதம் கைக்கு. மனிதர்கள் மவுஸை நேராகக் கீழே இறக்குவதில்லை, சாய்வாக இழுக்கிறார்கள். அந்த வழியில் பட்டியலின் ஓரம் தாண்டிப் போய்த் திரும்பி வருவார்கள். அமேசான் தளத்தின் பிரிவுகள் மெனு, மவுஸுக்கும் துணைப்பட்டியலின் இரு மூலைகளுக்கும் இடையே ஒரு கற்பனை முக்கோணம் வரைந்து, அதற்குள் மவுஸ் நகரும்வரை பட்டியலை மாற்றாமல் வைத்திருந்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை, 300 மில்லிசெகண்டே பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பக்கத்துத் தலைப்புக்கு மாறும்போது பழைய பட்டியலும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்து தெரியும். ஹோவரில் இருக்கும் எல்ஐக்கு இசட்-இன்டெக்ஸைக் கூட்டிவிடுங்கள், புதியது மேலே வரும்.

அப்புறம், தலைப்புக்கும் பட்டியலுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்று மார்ஜின்-டாப் போடாதீர்கள். அந்த 10 பிக்சல் யாருக்கும் சொந்தமில்லாத இடம். மவுஸ் அங்கே வந்ததும் ஹோவர் போய்விடும். யூஎல்லுக்கு பேடிங்-டாப் கொடுத்து, பின்னணி நிறத்தை உள்ளே இருக்கும் எல்ஐகளுக்கு மாற்றுங்கள்.

படி 4: தொடுதிரை

கைவிரலுக்கு ஹோவர் கிடையாது. போனில் முதல் தட்டில் ஹோவர் போல நடித்து, இரண்டாம் தட்டில்தான் லிங்க் திறக்கும் நிலைமை வரும். அதனால் ஹோவர் விதிகள் அனைத்தையும் 'ஹோவர்: ஹோவர்', 'பாயின்டர்: ஃபைன்' என்ற இரண்டு நிபந்தனையும் உள்ள மீடியா குவெரிக்குள் போடுங்கள்.

திரையின் அகலத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் திருப்பிய ஐபேட் 1024 பிக்சலோ அதற்கு மேலோ அகலம் காட்டும், ஆனால் தொடுவது விரல். லேப்டாப்பில் ஜன்னலைச் சுருக்கினால் அகலம் குறையும், மவுஸ் அங்கேயேதான் இருக்கும். அகலம் தளவமைப்புக்கு, ஹோவர் குவெரி நடத்தைக்கு.

இனி பட்டன். கிளிக் செய்தால், பட்டியல் விரிந்திருக்கிறதா என்று சொல்லும் ஏரியா-எக்ஸ்பேண்டட் (aria-expanded) மதிப்பை ட்ரூ, ஃபால்ஸ் என்று மாற்ற நான்கு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். ட்ரூவாக இருந்தால் பட்டியலைக் காட்டு என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரு விதி. விரலுக்கும் கீபோர்டுக்கும் இதுவே வழி. கீபோர்டு ஃபோகஸ் உள்ளே வந்தாலே பட்டியலை விரிக்கும் ஃபோகஸ்-விதின் போட்டு முடித்துவிடலாம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டேப் கீ அழுத்துகிறவர் ஒவ்வொரு மெனுவும் விரிந்து, எல்லா லிங்க்கையும் கடந்துதான் போக வேண்டியிருக்கும்.

எஸ்கேப் கீயை அழுத்தினாலும், வெளியே கிளிக் செய்தாலும் பட்டியல் மூட வேண்டும். 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் விதிகள், ஹோவரில் தோன்றுவதை மவுஸை நகர்த்தாமலே மூட வழி இருக்க வேண்டும் என்கின்றன. எஸ்கேப் அழுத்தியதும் நாவுக்கு ஒரு கிளாஸ் சேர்த்து ஹோவரை முடக்குங்கள், மவுஸ் வெளியேறியதும் அதை எடுத்துவிடுங்கள்.

படி 5: சின்னத் திரையில்

பொசிஷனை ஸ்டாட்டிக் ஆக்கினால் பட்டியல் தலைப்புக்குக் கீழேயே விரியும். ஹைட் ஆட்டோவுக்கு நேரடியாக ட்ரான்ஸிஷன் வேலை செய்யாது. துணைப்பட்டியலைச் சுற்றி ஒரு டிவ் போட்டு, அதை கிரிட் ஆக்கி, கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸ் மதிப்பை 0 எஃப்ஆரிலிருந்து 1 எஃப்ஆருக்கு மாற்றுங்கள். உள்ளே இருக்கும் யூஎல்லுக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன். இது பக்க அமைப்பைத் தொடுகிற அசைவுதான், ஆனால் ஒரு தட்டுக்கு ஒருமுறை என்பதால் பரவாயில்லை.

அசைவைப் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் கணினியில் அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். 'ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்' குவெரியில் ட்ரான்ஸ்ஃபார்மை நீக்குங்கள். மூடும் தாமதத்தை மட்டும் விட்டுவையுங்கள், அது அசைவு இல்லை.

சரி, சோதனை. குரோம் டெவ்டூல்ஸில் அனிமேஷன்ஸ் பேனலைத் திறந்து வேகத்தை 10 சதவீதத்துக்குக் குறைத்தால் ஒவ்வொரு தாமதமும் கண்ணுக்குத் தெரியும். பிறகு கடைசித் தலைப்பின்மேல் மவுஸை வையுங்கள். பட்டியல் திரையின் வலது ஓரத்தைத் தாண்டினால், அந்த எல்ஐயின் பட்டியலுக்கு மட்டும் லெஃப்ட் ஆட்டோ, ரைட் 0.