"டோன் ஆனால் போதும் மாஸ்டர்": ஜிம் பிளானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மாஸ்டர், எனக்கு வெயிட் எல்லாம் வேண்டாம். உடம்பு ஏறக் கூடாது, டோன் ஆனால் போதும்."

திருச்சியில் காலை 5.30 மணிக்கு ஜிம்மைத் திறக்கிற எனக்கு, வாரத்துக்கு ஒருவராவது இப்படிச் சொல்லாமல் இருப்பதில்லை. ஆடி மாதத்தில் இன்னும் அதிகம். ஆவணி முகூர்த்தத்துக்குள் கை இறுக வேண்டும், இடுப்பு குறைய வேண்டும் என்று கல்யாணப் பெண்களும் மாப்பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். ஆசையில் தப்பே இல்லை. அதற்குப் போடும் பிளானில்தான் கோளாறு. மூன்று மாதம் வேர்வை சிந்திவிட்டு, "என் உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று நின்றுவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகளே கிடையாது. மழையிலும் வந்தவர்கள்.

முதலில் அந்த 'டோன்' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தசைக்கு அப்படி ஒரு தனி நிலை கிடையாது. தசை வளரும், அல்லது தேயும். அதன் மேல் படிந்திருக்கும் கொழுப்பு கூடும், அல்லது குறையும். கண்ணாடியில் கை இறுக்கமாகத் தெரிய வேண்டுமென்றால் உள்ளே தசை கொஞ்சம் கூட வேண்டும், மேலே கொழுப்பு கொஞ்சம் இறங்க வேண்டும். முதல் வேலை ஜிம்மில் நடக்கிறது. இரண்டாவது வேலையில் முக்கால்வாசி அடுப்படியில் நடக்கிறது. இது தெரியாமல் போடும் பிளானில் மற்ற தவறுகள் தானாக வந்து சேர்ந்துவிடும்.

இரண்டு கிலோ டம்பெல்

எங்களிடம் வரும் ஒரு அக்கா, வங்கியில் வேலை பார்க்கிறவர், இதற்கு முன்னால் வேறொரு ஜிம்மில் எட்டு மாதம் போயிருக்கிறார். எட்டு மாதமும் அதே இரண்டு கிலோ டம்பெல், அதே இருபது ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்). கை அப்படியே இருந்தது. "வீட்டில் தண்ணீர் கேனை யார் மாற்றுவார்கள்?" என்று கேட்டேன். "நான்தான்" என்றார். இருபது லிட்டர் கேன் என்றால் இருபது கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்க்கிற கைக்கு இரண்டு கிலோ டம்பெல் ஒரு பொருட்டா?

தசைக்குத் தேவை இருந்தால்தான் அது வளரும். ஏற்கெனவே எளிதாகச் செய்கிற வேலையை ஆயிரம் தடவை செய்தாலும் அதற்கு மாறவேண்டிய அவசியம் வராது. இருபது ரெப் என்பது தப்பில்லை. இருபது, இருபத்தைந்து ரெப்பிலும் தசை வளரும், கடைசி ரெப்கள் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தால். ஐம்பது வரை போகக்கூடிய எடையை இருபதில் கீழே வைப்பதுதான் வீண். இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்றுதான் 'செட்'. அதன் கடைசி இரண்டு ரெப்பில் வேகம் தானாகக் குறைய வேண்டும். "இன்னும் இரண்டு போடலாம், நான்கு முடியாது" என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு 8 முதல் 12 ரெப்புக்குள் அந்த நிலைக்கு வரும் எடை சௌகரியமாக இருக்கும்.

இது ஜிம்காரர்கள் கிளப்பிவிட்ட கதை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், லேசான எடையை நிறையத் தடவை தூக்கவைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, கனமான எடையைக் கொடுத்து, பலம் கூடக்கூட எடையையும் ஏற்றிக்கொண்டே போனார். 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1948-ல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, மூன்று செட், செட்டுக்குப் பத்து ரெப் என்று முறையைச் சுருக்கினார். இன்று ஊர் ஊராக ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் '3 x 10' அங்கிருந்து வந்ததுதான். ஆனால் சுவரில் எண் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. எடையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்ற பாதி எங்கோ விட்டுப்போய்விட்டது.

'வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவேன்' என்ற பயம் பெண்கள் பலருக்கு இருக்கிறது. ஆண்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். அப்படி இருந்தும், எங்கள் ஜிம்மில் வருஷக்கணக்கில் முட்டையும் கோழியுமாகச் சாப்பிட்டு, வாரம் ஐந்து நாள் வெயிட் அடித்து, கையில் ஒரு அங்குலம் ஏற்றப் பாடுபடுகிற பையன்கள் இருக்கிறார்கள். தெரியாமல், தற்செயலாக யாரும் பெரிதாகிவிட முடியாது. முதல் சில வாரங்களில் உடம்பு சற்று உப்பியது போலத் தோன்றலாம். புதுப் பழக்கத்தில் தசை கொஞ்சம் நீரைப் பிடித்து வைப்பதால் வருவது அது. அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

நோட்டு இல்லாத பிளான்

எனக்கு இதில்தான் பிடிவாதம் அதிகம். போன வாரம் எத்தனை கிலோ, எத்தனை ரெப் என்று எழுதி வைக்காதவருக்கு இந்த வாரம் எதைத் தாண்ட வேண்டும் என்று தெரியாது. செல்போனில் எழுதினால் நடுவில் வாட்ஸ்அப் வந்துவிடும். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. எங்கள் டம்பெல்கள் 2.5 கிலோ இடைவெளியில் இருக்கின்றன. பல ஜிம்களில் அப்படித்தான். ஐந்து கிலோவிலிருந்து அடுத்தது ஏழரை. சின்ன ஏற்றம் போலத் தெரியும், கணக்குப் போட்டால் ஒரே தாவலில் பாதி எடை கூடுகிறது. அங்கே போய் மூன்று ரெப்பில் கை நடுங்கி, திரும்பவும் ஐந்துக்கே வந்து அதிலேயே தங்கிவிடுகிறவர்கள் ஏராளம். அதற்கு வழி: முதலில் ரெப்பை ஏற்று, அப்புறம் எடையை ஏற்று. அந்த வங்கி அக்காவின் நோட்டில் ஷோல்டர் பிரஸ் (எடையைத் தலைக்கு மேலே தள்ளுவது) பக்கம் இப்படி இருக்கும்: முதல் வாரம் ஐந்து கிலோ, மூன்று செட்டில் 8, 8, 7 ரெப். அடுத்த வாரம் 9, 8, 8. ஆறாவது வாரம் 12, 12, 11. ஏழாவது வாரம் 12, 12, 12. எட்டாவது வாரம் ஏழரை கிலோ, 7, 6, 6. அங்கிருந்து மறுபடியும் மேலே. இரு முனையிலும் பிளேட் மாட்டும் நீளக் கம்பியான பார்பெல்லில் இந்தத் தொல்லை குறைவு. பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ பிளேட் போட்டால் இரண்டரைதான் கூடும்.

வாரா வாரம் ரீல்ஸில் பார்த்த புதுப் பயிற்சிக்கு மாறுகிறவர்களுக்கு இந்தப் பக்கமே உருவாகாது. 'தசைக்குப் பழகிவிடும், அதனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்' என்கிறார்கள். எடை ஏறிக்கொண்டிருக்கும்வரை தசைக்கு எதுவும் பழகிவிடாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரமாவது அதே பயிற்சிகளில் நில்லுங்கள். மறுநாள் உடம்பு வலித்தால்தான் பயிற்சி வேலை செய்தது என்பதும் உண்மையில்லை. புதிதாக எதைச் செய்தாலும் வலிக்கும்; ஊரில் நாற்று நட்டுவிட்டு வந்தாலும் தொடை வலிக்கும். பழகியபின் வலி குறைவது நல்ல விஷயம்.

வயிற்றுக்கு மட்டும்

தொப்பை குறைய தினம் இருநூறு கிரன்ச் (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்குவது). கைக்கொழுப்பு குறைய மேல்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸுக்கு மட்டும் பயிற்சி. எந்த இடத்தில் வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். மட்டையைப் பிடித்து வருஷக்கணக்கில் ஆடிய கை சுற்றளவில் பெரிதாக இருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை உடம்பு தன் போக்கில் முடிவுசெய்கிறது. பரம்பரைக்கும் ஹார்மோனுக்கும் அதில் பங்கு உண்டு. வயிற்றுத் தசைக்கு வாரம் இரண்டு மூன்று நாள், சில செட் பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) போதும். மிச்ச நேரத்தை உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்குக் கொடுங்கள்.

ஆறு நாள் அட்டவணை

திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் பைசெப்ஸ், வெள்ளி டிரைசெப்ஸ், சனி லெக்ஸ். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஜிம்மில் இதை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். யார் வந்தாலும் ஒரு தாள். ஐம்பத்தைந்து வயது ரிட்டையர்டு சாருக்கும் அதே தாள், காலேஜ் பையனுக்கும் அதே தாள். நானும் இரண்டு வருஷம் அதையே கொடுத்தேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

வேலைக்குப் போகிறவர் வாரம் ஆறு நாள் வர முடியாது. சனிக்கிழமை ஒரு விசேஷம் வந்தால் அந்த வாரம் கால்களுக்கு வேலையே இல்லை. அடுத்த சனியும் போனால் மூன்று வாரம் இடைவெளி. ஒரு தசைக்குப் பயிற்சி கொடுத்தபின் அது தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலை ஒன்றிரண்டு நாளுக்குத்தான் வேகமாக நடக்கும். அதனால் வாரத்தில் இரண்டு தடவையாவது ஒவ்வொரு தசைக்கும் வேலை வருவது நல்லது. மூன்று நாள் வருகிறவர் மூன்று நாளும் முழு உடம்புக்குச் செய்யட்டும். ஒரு நாள் விட்டுப்போனாலும் எந்தத் தசையும் பட்டினி கிடக்காது.

பிளான் போடும் முன் போன மாதக் காலண்டரைப் பாருங்கள். உண்மையில் எத்தனை நாள் நேரம் கிடைத்தது? அந்த எண்ணுக்குத்தான் பிளான். ஜனவரி ஒன்றாம் தேதி உற்சாகத்தில் தோன்றும் எண்ணுக்கு வேண்டாம்.

டிரெட்மில்லில் முக்கால் மணி நேரம் ஓடிக் களைத்தபின் வெயிட் பக்கம் வருவதும் இதே வகைதான். வார்ம்-அப்புக்கு ஐந்து முதல் பத்து நிமிஷம் போதும். முதலில் ஸ்குவாட் போன்ற பெரிய பயிற்சிகள், கடைசியில் பைசெப்ஸ் போன்ற சின்னவை. நடையை மற்ற நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வாரம் 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஒன்றைச் செய்தால் மற்றதை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை.

இட்லியும் புரதமும்

நம் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். காலையில் மூன்று இட்லி, சாம்பார், சட்னி. மதியம் சோறு, குழம்பு, பொரியல், மோர். இரவு மூன்று தோசை. இதில் புரதம் ஏறக்குறைய 35, 40 கிராம்தான் வரும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். தசையை வளர்க்க நினைத்து வெயிட் தூக்குகிறவருக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன் தருகிறது, அதாவது 96 கிராம். வித்தியாசம் சின்னதில்லை.

ஆனாலும் எட்டாத தூரமில்லை. இரண்டு முட்டை 12 கிராம். 50 கிராம் மீல் மேக்கர் 26. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 14. ஒரு டம்ளர் பால் 8. மொத்தம் அறுபது. அந்த அளவுக்குச் சோற்றையும் தோசையையும் குறைத்துக்கொண்டால் கலோரியும் கட்டுக்குள் நிற்கும். பவுடர் டப்பா கட்டாயமில்லை. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். எடை மளமளவென்று இறங்கும். கூடவே தசையும் போகும். வளர்க்க வந்ததை விற்றுச் சாப்பிடுவது மாதிரி. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம்.

எடை மெஷினை மட்டும் நம்பினால் மனம் உடையும். கொழுப்பு இறங்கி தசை ஏறும்போது முள் அசையாமல் நிற்கலாம். இடுப்பை மாதம் ஒருமுறை டேப்பால் அளங்கள். தைத்த பழைய ரவிக்கையோ பேண்ட்டோ அதைவிட நன்றாகச் சொல்லும்.

எங்கே தொடங்குவது

வங்கி அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். திங்கள், வெள்ளி: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட், டம்பெல் பெஞ்ச் பிரஸ் (படுத்து மேலே தள்ளுவது), லாட் புல்டவுன் (கம்பியை மேலிருந்து கீழே இழுப்பது), ரொமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பிலிருந்து குனிந்து எடையோடு நிமிர்வது), கடைசியில் பிளாங்க். புதன்: லெக் பிரஸ் (மெஷினில் காலால் தள்ளுவது), ஷோல்டர் பிரஸ், சீட்டட் ரோ (உட்கார்ந்து வயிற்றை நோக்கி இழுப்பது), ஹிப் திரஸ்ட் (முதுகைப் பெஞ்சில் சாய்த்து இடுப்பைத் தூக்குவது), பைசெப்ஸ் கர்ல் (முழங்கையை மடக்கித் தூக்குவது). அடுத்த வாரம் அப்படியே திருப்பி: புதன் பட்டியல் இரண்டு நாள், திங்கள் பட்டியல் ஒரு நாள். ஒவ்வொன்றும் மூன்று செட், 8 முதல் 12 ரெப். பிளாங்க் மட்டும் அரை நிமிஷத்தில் தொடங்கி நேரத்தை ஏற்றலாம். பெரிய பயிற்சிகளுக்கு நடுவே இரண்டு நிமிஷம் ஓய்வு. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிரஷர், சர்க்கரை, பழைய முதுகுவலி, முழங்கால் வலி இருப்பவர்களும் பிரசவம் ஆகிச் சில மாதங்களே ஆனவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மாஸ்டரிடமும் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். உட்கார்ந்து எழும் முறை சரியாக வரட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து நோட்டை எடுங்கள். காய்ச்சலோ ஊருக்குப் போவதோ வந்து பத்து நாள் விட்டுப்போனால், திரும்பி வரும் அன்று கடைசியாக எழுதிய எடையில் ஒரு படி குறைத்து ஆரம்பியுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.