கலிஃபோர்னியா வாக்குச்சீட்டில் நீதிபதிகள்: பலரும் சறுக்கும் இடங்கள்

கலிஃபோர்னியாவில் குடியுரிமை வாங்கி முதல் தடவையாக ஆளுநர் தேர்தலில் ஓட்டுப் போடுபவர்கள், தபாலில் வந்த வாக்குச்சீட்டைப் பிரித்ததும் ஓரிடத்தில் தயங்கி நிற்பார்கள். நீதிபதிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதிர் வேட்பாளர் இல்லை, கட்சிப் பெயரும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் 'ஆம்', 'இல்லை' மட்டும்தான்.

இதைப் போட்டி என்று நினைப்பதுதான் முதல் தவறு. மாநில உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கும் நீதிபதிகளை நியமிப்பவர் ஆளுநர். (ராஜ்பவன் ஆளுநரை நினைக்காதீர்கள்; இவர் மக்கள் ஓட்டில் வருபவர், நம்மூர் முதல்வர் மாதிரி.) தலைமை நீதிபதி, மாநில அட்டர்னி ஜெனரல், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூத்த அமர்வுத் தலைவர் ஆகிய மூவர் ஆணையம் அந்த நியமனத்தை உறுதிசெய்ய வேண்டும். அதற்கு அடுத்து வரும் ஆளுநர் தேர்தலில்தான், அந்த நீதிபதி பதவியில் நீடிக்கலாமா என்ற கேள்வியோடு அவர் பெயர் வாக்காளர் முன் வரும். 1934-இல் வந்த ஏற்பாடு இது. முழுப் பதவிக்காலம் 12 ஆண்டு. இடையில் காலியான இடத்துக்கு வந்தவருக்கு முன்னவர் விட்டுப்போன மீதிக் காலம்தான்.

பெரிய தவறு, 'இல்லை' போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் போடுவது. ஒருவரை நீக்கத்தான் முடியும், பதிலுக்கு யார் என்று சொல்ல முடியாது. அந்த இடம் ஆளுநர் கைக்குப் போய்விடும். 1986 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். மாநிலத்தின் முதல் பெண் தலைமை நீதிபதியான ரோஸ் பேர்ட், தன்முன் வந்த மரண தண்டனை வழக்குகள் அனைத்திலும் தண்டனைக்கு எதிராகவே நின்றவர். மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமான வாக்காளர்கள் அவருக்கு 'இல்லை' போட்டார்கள். குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் கிரோடின் இருவரும் கூடவே போனார்கள். அவர்களை எதிர்த்துப் பேசிவந்த ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன் அதே நாளில் மறுபடி ஜெயித்தார். ஏழு பேர் கொண்ட உச்ச நீதிமன்றத்தில் மூன்று இடங்களை நிரப்பும் வாய்ப்பு ஒரே மூச்சில் அவருக்குக் கிடைத்தது. ஆகவே நீதிபதி பகுதியை நிரப்பும்போது, ஆளுநர் பகுதியில் யார் ஜெயிப்பார் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாத பெயர் என்று காலியாக விட்டால் 'இல்லை' என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். அந்தக் கேள்விக்கு விழுந்த ஓட்டுகளில் பெரும்பான்மை எது என்பதே கணக்கு.

விசாரணை நீதிமன்ற நீதிபதிகளையும் இவர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் உண்டு. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அளவிலான சுப்பீரியர் கோர்ட் நீதிபதிக்கு ஆறாண்டுப் பதவி. எதிர்த்து ஆள் நின்றால் நிஜமான தேர்தலே நடக்கும். சான்டா கிளாரா கவுண்டியில் 2018-இல் நீதிபதி ஏரன் பெர்ஸ்கி பதவி இழந்தது மூன்றாவது வழியில்: கையெழுத்து திரட்டிப் பதவிக்காலத்தின் நடுவிலேயே திரும்ப அழைக்கும் 'ரீகால்'.

டெக்சாஸில் இருக்கும் மச்சானிடம் யோசனை கேட்காதீர்கள். அங்கே மேல்முறையீட்டு நீதிபதிகள் கட்சிப் பெயரோடு போட்டியிடுகிறார்கள். இல்லினாயில் நீடிக்க 60 சதவீதம் வேண்டும். ஏன், பக்கத்து ஊர்க்காரர் சீட்டைப் பார்த்துக்கூட நிரப்ப முடியாது. உச்ச நீதிமன்றப் பெயர்கள் மாநிலம் முழுக்க ஒன்றுதான்; மேல்முறையீட்டு நீதிமன்றமோ ஆறு மாவட்டங்களாகப் பிரிந்தது. ஃப்ரீமான்ட் முதல் மாவட்டத்தில் வருகிறது, ஒட்டியிருக்கும் மில்பிடாஸ் ஆறாவதில்.

கடைசியாக, பெயரின் ஓசையை வைத்தோ நியமித்த ஆளுநரின் கட்சியை வைத்தோ முடிவெடுப்பது. நிலுவை வழக்கு பற்றி நீதிபதி வாய் திறக்கக் கூடாது என்பதால் மேடைப் பேச்சை எதிர்பார்த்துப் பயனில்லை. ஆனால் அவர்கள் எழுதிய தீர்ப்புகள் நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூவர் அமர்வில் தீர்ப்பை எழுதியது யார், மாறுபட்டது யார், என்ன காரணம் சொன்னார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். உங்களுக்கு அக்கறையுள்ள விஷயத்தில், வாடகைத் தகராறோ வேலை நீக்கமோ, ஒன்றிரண்டைத் தேடிப் படித்தாலே ஆளின் போக்கு பிடிபட்டுவிடும்.