கூலிங் ஃபிலிம் அட்டையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் தையல் கடை. மேற்குப் பார்த்த சன்னல், ஆறடிக்கு நாலடி கண்ணாடி. சித்திரையில் மூன்று மணிக்கு மேல் வெயில் நேரே மிஷின்மேல் விழும். கத்தரிக்கோலைத் தொட்டால் சுடும். மேசை ஓரம் மடித்து வைத்திருந்த அரக்குப் பட்டு மடிப்பு விளிம்பில் மட்டும் வெளுத்துப்போனது. அதற்குக் கைக்காசு கொடுத்த பிறகுதான் சன்னல் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது என்று கிளம்பினேன்.

கடைத் தம்பி ஒரு பெட்டிக்குள் சிவப்பு விளக்கைப் போட்டு, வெறும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை வைக்கச் சொன்னார். சுட்டது. அப்புறம் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி. சூடே தெரியவில்லை. “பாத்தியளாக்கா, தொண்ணூத்தேழு சதவீதம் நிறுத்திருதுல்லா!” நம்பி வாங்கினேன். ஒட்டியதும் அறை தணிந்தது உண்மைதான், ஆனால் அந்த விளக்கில் பார்த்த அளவுக்கு இல்லை.

விஷயம் அந்த விளக்கில்தான் இருக்கிறது. 97 என்பது ஐஆர்ஆர், அதாவது அகச்சிவப்புக் கதிரை மட்டும் தடுக்கும் அளவு. அந்த விளக்கு வீசுவதும் பெரும்பாலும் அகச்சிவப்பே. வெயில் அப்படியல்ல. அதில் அகச்சிவப்பு ஏறத்தாழ பாதி. மீதி அநேகமாகக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். அந்த வெளிச்சமும் துணியிலும் தரையிலும் பட்டுச் சூடாகத்தான் மாறும். போதாததற்கு, அலைநீளம் 780 முதல் 2500 நானோமீட்டர் வரை அளக்க வேண்டியதைச் சிலர் 900–1000 என்ற சின்னப் பட்டையில் அளந்து பெரிய எண்ணாகப் போடுகிறார்கள். ஃபிலிம் உறிஞ்சிய சூட்டில் ஒரு பங்கைக் கண்ணாடி மறுபடி அறைக்குள்ளேயே தள்ளும். அதுவும் இந்தக் கணக்கில் வராது.

எனவே முதலில் தேட வேண்டியது டிஎஸ்இஆர். மொத்த வெயில் சூட்டில் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை இதுதான் சொல்லும். என் ஃபிலிமுக்கு 53. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெறும் கண்ணாடியே 100-இல் 15 பங்கு போலத் தடுத்துவிடும். ஆக முன்னே 85 உள்ளே வந்தது, இப்போது 47 வருகிறது. குறைந்த அளவு பாதிகூட இல்லை. சில அட்டைகளில் இதையே எஸ்ஹெச்ஜிசி 0.47 என்று போட்டிருப்பார்கள். அது உள்ளே வரும் பங்கு, குறையக் குறைய நல்லது. ஷேடிங் கோஎஃபிஷியன்ட் என்று இருந்தால் 0.87-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், எஸ்ஹெச்ஜிசி கிடைக்கும். இரண்டு கம்பெனி ஃபிலிமை ஒப்பிடுகிறபோது, அளந்தது ஒரே கனக் கண்ணாடியிலா, வெயில் நேராக விழும் கணக்கிலா என்றும் கேளுங்கள். சாய்வெயிலுக்குக் கணக்குப் போட்டால் எண் கூடித் தெரியும்.

அடுத்தது விஎல்டி, உள்ளே வரும் வெளிச்சம். எனக்கு இது உயிர். நூல்கண்டைத் துணியோடு சேர்த்துப் பிடித்தால் மயில் பச்சையும் கிளிப் பச்சையும் பிரிந்து தெரிய வேண்டும். அதனால் 50-க்குக் கீழே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு மதினி கறுப்பாக இருந்தால்தான் குளிரும் என்று 15-ஐ ஒட்டினார். இப்போது நண்பகலிலும் டியூப்லைட் எரிகிறது. சாயம் மட்டும் ஏற்றிய கறுப்பு ஃபிலிம் கண்ணை ஏமாற்றும், சூட்டை அவ்வளவாகத் தடுக்காது. காருக்கு இது வேறு கதை: முன், பின் கண்ணாடியில் 70, பக்கக் கண்ணாடியில் 50 சதவீதத்துக்கு வெளிச்சம் குறையக் கூடாது என்பது சட்டம்.

யுவி 99, அதாவது புற ஊதாக் கதிரில் 99 சதவீதம் தடுக்கும் என்பது, அநேகமாக எல்லா அட்டையிலும் இருக்கும். அதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. சாயம் வெளுப்பதில் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பங்குண்டு என்பதால் பட்டுத்துணியை இப்போது பீரோவில்தான் வைக்கிறேன்.

கண்ணாடி போல மின்னும் ஃபிலிம் பகலில் மறைப்பு தரும்; ராத்திரி விளக்கைப் போட்டால் தெருவுக்கு நீங்கள்தான் காட்சி. கம்பிவலை பதித்த கண்ணாடி, ஏற்கெனவே நிறம் ஏற்றிய கண்ணாடி என்றால் ஒட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், சூடேறி விரிசல் விடலாம்.

நம் ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் உச்சிக்கு வடக்கே போகும். அதனால் வடக்குச் சன்னலையும் ஒருமுறை சாயங்காலம் நின்று பாருங்கள், பிறகு சதுர அடிக் கணக்குப் போடலாம்.

மீதி 47-க்கு நான் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டேன். வெயிலைக் கண்ணாடிக்கு வருமுன்பே மறிப்பதால் ஃபிலிமைவிட இதுதான் கெட்டி. ஆனி பிறந்து காற்று கிளம்பினால் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். ஒரு வருஷம் மறந்துவிட்டேன். மதினி வீட்டு மொட்டைமாடியில் வடகத்துக்கு நடுவே போய்க் கிடந்தது.