வெள்ள நேரத்தில் போனில் வைத்தியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் நெருங்கும்போது, சென்னையில் வெள்ள நேரத்தில் போனில் வைத்தியம் சொல்லும் எங்கள் குழுவில் புதிதாகச் சில இளம் மருத்துவர்கள் சேருகிறார்கள். 2015 வெள்ளத்தில் பார்த்த தவறுகளையே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தேன்.

நோயை முதலில் கேட்பது

மிக்ஜாமில் வேளச்சேரிப் பக்கமிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, படுத்தால் அதிகமாகிறது என்றார். போனை எடுத்த புது மருத்துவர் படித்த வரிசையில் ஆரம்பித்தார்: எத்தனை நாளாக, இருமல் உண்டா, கால் வீங்கியிருக்கிறதா. நல்ல கேள்விகள்தான். நடுவில் லைன் கட். அரைமணி கழித்துத் திரும்பக் கிடைத்தபோது வேறொருவர் பேசினார். “படகுல வர்றப்ப ஒரு அம்மா போன் கேட்டாங்க, கொடுத்தேன். நான் இப்ப மெயின் ரோட்டுக்கு வந்துட்டேன் சார்.”

தாளில் பெயரும் இல்லை, தெருவும் இல்லை. படகை எங்கே அனுப்புவது? அந்த அப்பா என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

கரன்ட் போனால் டவர் ஜெனரேட்டரில் டீசல் இருக்கும்வரைதான் சிக்னல். அதனால் முதல் அரை நிமிடத்தில் பெயர், இடம், இது யார் போன், இன்னொரு எண், எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, இவ்வளவையும் வாங்கிவிடுங்கள். பாரதி தெருவும் காந்தி தெருவும் சென்னையில் ஏரியாவுக்கு ஏரியா உண்டு. பக்கத்தில் என்ன கோயில், எந்த ரேஷன் கடை, எத்தனையாவது மாடி, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று கேளுங்கள். படகுக்காரருக்கு அதுதான் முகவரி. படுத்தால் மூச்சு முட்டுகிறவருக்கு முதலில் படகும் 108-ம் சொல்லுங்கள், இருமலை அப்புறம் விசாரிக்கலாம்.

வீடியோவுக்குப் பிடிவாதம்

2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ நெறிமுறைகள் குரல், எழுத்து, வீடியோ மூன்றையும் ஏற்கின்றன. வீடியோ சார்ஜைத் தின்றுவிடும். நோயாளியையே ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். எத்தனை வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறார் என்பதிலேயே மூச்சுத் திணறல் எவ்வளவு என்று பாதி தெரிந்துவிடும்.

கடை திறந்திருக்கும் என்று சீட்டு எழுதுவது

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

இன்சுலினைத் தூக்கிப்போடச் சொல்வது

கரன்ட் போய் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்பதற்காக வேண்டாம். திறந்த குப்பி, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். பையில் கட்டி மண்பானைத் தண்ணீரில் வைக்கலாம்.

எல்லாக் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால்

வெள்ளத் தண்ணீரில் நடந்தாரா என்று கேட்டீர்களா? கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு என்றால் டெங்கு முற்றுவதாக இருக்கலாம். போனில் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.