விஸ்கி ஆலைத் தொழிலாளர் வீடுகள்: பார்க்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் செய்யக்கூடாத தவறுகள்

ஸ்காட்லாந்தில் விஸ்கி ஆலை பார்க்கப் போகிறவர்கள் செம்புக் கொப்பரைகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன வீடுகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்த்தாலும் 'முதலாளி நல்ல மனசோடு கட்டிக்கொடுத்திருக்கிறார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். ஐலா தீவின் புன்னஹாவென் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1881-இல் அதைத் தொடங்கியபோது அந்தக் கடற்கரையில் ஊர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது, அதனால் ஆலையோடு சேர்த்துப் படகுத்துறை, சாலை, வீடுகள் எல்லாவற்றையும் கம்பெனியே கட்ட வேண்டியிருந்தது. வேலையும் அப்படிப்பட்டது. விஸ்கிக்காகத் தரையில் பரப்பிய பார்லி முளைவிடும்போது சூடாகும், வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அதனால் இரவு பகல் பாராமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நடுராத்திரியில் புரட்டப் போகிறவன் பத்து மைல் தள்ளிக் குடியிருக்க முடியுமா?

அப்புறம், எல்லா வீடும் தொழிலாளி வீடு என்று நினைப்பது. கொஞ்சம் பெரிதாக, தனியாக நிற்கும் வீடு மேலாளருடையதாக இருக்கலாம், கலால் அதிகாரியுடையதாகவும் இருக்கலாம். 1823 கலால் சட்டத்துக்குப் பிறகு உரிமம் வாங்கிய ஆலைகளில் அரசாங்கத்தின் ஆள் கூடவே இருந்தார். விஸ்கிப் பீப்பாய்களை வைக்கும் கிடங்குக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி ஆலையிடம், இன்னொன்று அவரிடம். இந்த ஏற்பாடு 1980-களில்தான் முடிந்தது. வரி வாங்குகிறவரும் வேலை செய்கிறவரும் ஒரே தெருவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் குடியிருந்தார்கள் என்பதை மறந்துவிட்டால் இந்தக் குடியிருப்பின் அமைப்பே புரியாது.

ஆலைப் பலகையில் இருக்கும் ஆண்டை வீட்டின் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கால் ஈலா ஆலை தொடங்கியது 1846-இல், ஆனால் கிடங்கு போக இன்று நிற்கும் ஆலைக் கட்டடங்களில் பெரும்பாலானவை 1970-களில் இடித்துக் கட்டியவை. அதேபோல, எதைப் பார்த்தாலும் 'சார்லஸ் டொய்க் வடிவமைத்தது' என்று எழுதிவிடுகிறார்கள். எல்ஜின் நகரத்துக் கட்டடக்கலைஞரான அவர் பிறந்தது 1855-இல், விஸ்கி ஆலைகளின் உச்சியில் தெரியும், புத்தக் கோயில் கோபுரம் போன்ற புகழ்பெற்ற அந்தப் பகோடாக் கூரை முதலில் வந்தது 1889-இல், டல்யூயின் ஆலையில். அதுவும் பார்லி உலர்த்தும் சூளையின் புகைபோக்கிதான், வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு நிஜமாகவே மனசு வலிக்கிற தவறு ஒன்று உண்டு. கிடங்குகளுக்குப் பக்கத்து வீடுகளின் சுவர்கள் கன்னங்கரேல் என்று இருக்கும். நிலக்கரிப் புகை, அழுக்கு என்று நினைத்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சியோ மணல் அடித்தோ சுரண்டுகிறார்கள். அது ஒரு பூஞ்சை. பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் சாராயம் ஆவியாகப் போகிறது, அந்த ஆவியில் வளர்வது அது. பக்கத்து மரங்களின் பட்டையைப் பாருங்கள், அவையும் கறுத்திருக்கும். கிடங்கு இருக்கிறவரை அது திரும்ப வரும், ஆனால் சுரண்டியதில் போன கல்லின் மேல்தோல் திரும்ப வராது.

கறுப்பை மறைக்கச் சிமெண்ட் பூசுவது இன்னும் மோசம். 1919-க்கு முந்தைய வீடுகளின் சுவர் பெரும்பாலும் கெட்டியான கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தது. உள்ளே போன ஈரம் அந்தச் சுண்ணாம்பு வழியாகத்தான் வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும், ஈரம் உள்ளேயே தங்கும், உத்தரத்தின் நுனி உளுத்துப்போகும். ஐலாவின் மழைக்கும் கடற்காற்றுக்கும் சுண்ணாம்புதான் சரி.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. 'சி வகைதானே, உள்ளே என்ன செய்தாலும் யார் கேட்கப்போகிறார்கள்' என்று பழைய படிக்கட்டையும் கணப்பையும் பிடுங்கி எறிகிறார்கள். எந்த வகையானாலும் பொதுவாகப் பாதுகாப்பு உள்ளுக்கும் சேர்த்துத்தான்; கை வைப்பதற்கு முன்னால் உள்ளூர் கவுன்சிலிடம் கேளுங்கள்.