பழைய சைக்கிளுக்கு டைனமோ ஹப் தேடுவது எப்படி?

பழைய இங்கிலாந்து சைக்கிள் ஒன்றை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவர இறங்கினால் பெடல், மட்கார்டு, செயின் கவர் எல்லாம் எப்படியாவது கிடைத்துவிடும். கடைசிவரை இழுத்தடிப்பது முன்சக்கரத்தின் நடுவில் இருந்து விளக்குக்கு மின்சாரம் தரும் ஹப்தான். டயரை உரசிக்கொண்டு ஓடும் டைனமோ வேறு. இதில் காந்தமும் சுருளும் ஹப்புக்குள்ளேயே இருக்கும். உரசல் இல்லை, சத்தமும் இல்லை.

1. எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

இந்த வகையில் அதிகம் புழங்குவது நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் செய்த டைனோஹப். 1930களின் பிற்பாதியில் 12 வோல்ட் மாடலாக வந்தது, பிறகு 8 வோல்ட், அப்புறம் 6 வோல்ட். இந்த 6 வோல்ட் மாடலான ஜிஎச் 6, 1945 வாக்கில் தொடங்கி 1984 வரை தயாரானது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதையே தேடுங்கள். உதிரி பாகமும் பல்பும் இதற்குத்தான் ஓரளவு சுலபமாகக் கிடைக்கும். பின்சக்கரத்துக்கு மூன்று கியரும் டைனமோவும் ஒன்றாகச் சேர்ந்த ஏஜி என்ற மாடல் உண்டு. அழகான பொருள்தான், ஆனால் கியர் கோளாறும் கூடவே வரலாம். முதல் முயற்சிக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்குமுன் உங்கள் ரிம்மில் எத்தனை ஸ்போக் ஓட்டை என்று எண்ணிவிடுங்கள். அக்கால இங்கிலாந்து வழக்கம் முன்னால் 32, பின்னால் 40. 36 ஓட்டை ரிம் வைத்திருப்பவர் 32 ஓட்டை ஹப்பை வாங்கினால் இரண்டும் சேராது. ஃபோர்க்கின் உள் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபோர்க்குகள் பல, இன்றைய 100 மில்லிமீட்டரை விடக் குறுகலானவை.

2. விற்பவருக்கே தெரியாத பெயரில் தேடுங்கள்

'டைனோஹப்' என்று சரியாக எழுதி விற்பவருக்கு அதன் மதிப்பும் தெரியும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அதனால் 'பழைய முன்சக்கரம்', 'ராலே சக்கரம்', 'டைனமோ சக்கரம்' என்றெல்லாம் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள் (ராலே என்பது இங்கிலாந்து சைக்கிள் நிறுவனம்). ஹப் பெரிதாக இருப்பதால் பலர் இதை 'டிரம் பிரேக்' என்று போட்டு விற்கிறார்கள். அந்தத் தலைப்பையும் விடாதீர்கள். வித்தியாசம் எளிது: டிரம் பிரேக்கில் ஃபோர்க்கோடு பட்டை போட்டுக் கட்டும் ஒரு நீண்ட கை இருக்கும். டைனோஹப்பில் அது கிடையாது. அதற்குப் பதில் ஒரு பக்கத் தட்டில் ஒயர் மாட்ட இரண்டு சின்னத் திருகுமுனைகள் இருக்கும்.

முழு சைக்கிளையும் பாருங்கள். ராலே சூப்பர்ப் போன்ற மாடல்கள் இந்த ஹப்போடுதான் பெரும்பாலும் வந்தன. பிரேம் துருப்பிடித்துப் போன சைக்கிள், தனி ஹப்பை விட மலிவாக அகப்படுவது உண்டு. இங்கிலாந்தில் வெட்டரன் சைக்கிள் கிளப் போன்ற சங்கங்களின் உறுப்பினர்களும், பழைய உதிரிகள் விற்கும் சைக்கிள் சந்தைகளும் நல்ல வழி.

3. படங்களைக் கேளுங்கள்

திருகுமுனைகள் உள்ள பக்கம், மேல்கூட்டில் பொறித்த எழுத்து, ஆக்சிலின் (சக்கரத்தின் நடு அச்சின்) இரு முனைகள், இந்த மூன்றும் போதும். பல ஹப்களில் தயாரான ஆண்டு இரண்டு இலக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். '65' என்றால் 1965. உங்கள் சைக்கிளின் வயதோடு இது ஒத்துப்போனால் சந்தோஷம்தான்.

ஆக்சில் நட்டும் கோனும் (பேரிங் குண்டுகளைத் தாங்கும் கூம்பு வடிவ நட்டு) கூடவே வருகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ராலேயின் திருகு அளவு அங்குலத்துக்கு 26 மரை. கைக்குக் கிடைத்த நட்டை ஏற்றினால் மரை போய்விடும்.

4. யாராவது திறந்தார்களா?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இதுதான். உள்ளே 20 துருவங்கள் கொண்ட வளையக் காந்தம், அதன் நடுவில் இரும்புச் சட்டத்தில் சுற்றிய சுருள். இந்தக் காந்தத்தின் விசை இரும்பு வழியாகவே சுற்றிவர வேண்டும். சுருளை உருவி எடுத்துவிட்டால் அந்தப் பாதை அறுந்து, காந்தம் பலத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். திரும்பப் பொருத்தினாலும் போன பலம் வராது. தனியாகக் கருவி வைத்து மறுபடி காந்தமேற்ற வேண்டும்.

அதனால் பளபளவென்று தேய்த்து, 'முழுதும் கழற்றிச் சுத்தம் செய்தது' என்று எழுதியிருக்கும் ஹப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அழுக்கும் காய்ந்த கிரீஸும் படிந்து, யாரும் தொடாத ஹப் எவ்வளவோ மேல். தபாலில் அனுப்பும்போது 'எடை குறைக்கப் பிரித்து அனுப்பட்டுமா' என்று கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

5. கையால் சோதியுங்கள்

நேரில் பார்க்க முடிந்தால் ஆக்சிலை விரலால் மெல்லத் திருப்புங்கள். தடக் தடக்கென்று விட்டுவிட்டு இழுக்க வேண்டும். அது காந்தத்தின் பிடி. எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் காந்தம் செத்திருக்கும், இல்லையென்றால் உள்ளே சுருளே இருக்காது. கரகரவென்று தேய்ந்தால் அது பேரிங் பிரச்சினை. அதைச் சரிசெய்துவிடலாம்.

மல்டிமீட்டரில் இரு திருகுமுனைகளுக்கு நடுவே மின்தடையைப் பாருங்கள். சில ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் முனைகளின் துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வோல்ட்டை மட்டும் அளந்து நம்ப வேண்டாம். பல்பு மாட்டாமல் வேகமாகச் சுற்றினால் பலவீனமான ஹப்பும் நல்ல எண்ணைக் காட்டிவிடும். 6 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு ஒன்றை இரு முனைகளிலும் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். மெதுவாகச் சுற்றும்போது மினுமினுக்கும், அது பழுதில்லை. ஒரு சுற்றுக்குப் பத்து அலைகள்தான் வருவதால் அப்படித் தெரிகிறது. வேகம் ஏறினால் ஒளி நிலைத்துவிடும்.

இந்த ஹப் தருவது சுமார் 1.8 வாட். இன்றைய 3 வாட் டைனமோவுக்கான இழைப் பல்பை மாட்டினால் மங்கலாகத்தான் எரியும். முன்விளக்கும் பின்விளக்கும் சேர்ந்து 0.3 ஆம்பியருக்குள் அடங்கும்படி பல்பு வாங்குங்கள்.

6. வீட்டுக்கு வந்த பிறகு

வெளியே துடைத்து, திருகுமுனைகளைச் சுத்தம் செய்து, இரண்டு ஒயர்களையும் மாட்டுங்கள். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தே ஆகவேண்டும் என்றால் காந்தமும் சுருளும் ஒன்றாக, ஒரே கட்டாக வெளியே வரும்படி கழற்றுங்கள். இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்காதீர்கள்.